"பொது நிதி இல்லை" என்ற ஒரு வரி: இங்கிலாந்தில் தற்காலிக விசாவில் இருந்த ஒரு தாய்க்கு மனநலச் சிகிச்சை கிடைத்த கதை

இந்த நிகழ்வில் வரும் பெண் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அதனால் இங்கே அவளைத் தங்கை என்றே எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். புதிதாக வரும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது என்று கூடவே வந்து சேர்ந்த வேலைகள் சில உண்டு.

2025 ஜூன் முதல் வாரத்தில் அவள் உடைந்துபோனாள். செப்டம்பர் முதல் வாரத்தில்தான் முதல் சிகிச்சை அமர்வு. நடுவில் 13 வாரம். அரசு மருத்துவத்தில் வரிசை நீளம் என்று எல்லோரும் சொல்வோம், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த 13 வாரத்தில் வரிசையில் நின்றது 4 வாரம்தான். மீதி 9 வாரம் பயத்திலும், தவறாகப் புரிந்துகொண்ட ஒரு வரியிலும், ஒரு வரவேற்பு மேசையிலும் போனது. அந்த 9 வாரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா கிளம்பிய பிறகு

தங்கைக்கு வயது 29. ஊரில் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவள். கணவருக்கு இங்கே திறன்சார் வேலை விசா, இவளுக்கு அவரைச் சார்ந்த விசா, மூன்று வருடத்துக்கு. 2025 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்க அம்மா டிசம்பரிலேயே வந்துவிட்டார். பார்வையாளர் விசாவில் ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. ஜூன் தொடக்கத்தில் அம்மா கிளம்பினார். அதற்கு முந்தைய மாதம்தான் கணவருக்கு வேறு கிளையில் வேலை மாற்றி, குடும்பம் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊர்.

அம்மா இருந்தவரை எல்லாம் மூடியே இருந்தது. பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், இரவில் குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொள்ள இன்னொரு கை. ஏப்ரலிலிருந்தே தூக்கம் கெட்டிருந்ததாம். அம்மா போன அன்று அவள் அழவில்லை. மறுநாள் காலை அரிசி களைந்துகொண்டு நின்றவள், குழாயை மூடாமல் அரை மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. நெஞ்சு படபடக்கும். "சாப்பாடு மண்ணு மாதிரி இருக்குக்கா" என்பாள். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டால் தலைவலி என்பாள்.

ஜூனில் இரண்டு முறை தமிழ்ப் பள்ளி நிகழ்ச்சியில் அவளைப் பார்த்தேன். அம்மா போன ஏக்கம், சரியாகிவிடும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்போதே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

கணவர் கடைசியில் கவனித்தது நல்ல வேளை. அவர் முதலில் செய்தது, சென்னையிலிருக்கும் ஒரு ஆலோசகரிடம் காணொளியில் பேச ஏற்பாடு. மூன்று அமர்வு, கைக்காசு. அதைக் குறை சொல்லமாட்டேன். சொந்த மொழியில் பேசி அழ ஓரிடம் கிடைத்தது, அது அவளைக் கொஞ்சம் தாங்கியது. ஆனால் மூன்றாவது அமர்வில் அந்த ஆலோசகரே சொல்லிவிட்டார்: உங்களுக்கு மருந்து தேவைப்படலாம், அங்கே உள்ள மருத்துவரைப் பாருங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? நேர்மையான மனிதர்.

ஜூலை மூன்றாம் வாரம் அவள் என்னிடம் வந்து சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, "ஜி.பி.யைப் பார்த்தியாம்மா?" ஜி.பி. என்றால் இங்கே குடும்ப மருத்துவர். அவள் கைப்பேசியைத் திறந்து தன் ஈ-விசாவைக் காட்டினாள். பொது நிதியைப் பெற முடியாது என்று அதில் ஒரு வரி. "இது இருக்குக்கா. அரசாங்கக் காசுல வைத்தியம் பார்த்தா அவர் விசாவுக்கே ஆபத்து வந்துடும். பி.ஆர். கிடைக்காது." பி.ஆர். என்று அவள் சொன்னது நிரந்தரமாகத் தங்கும் உரிமையை.

அந்த வரி எதைச் சொல்கிறது

பொது நிதி என்பது பேச்சுவழக்கில் அரசாங்கப் பணம் எல்லாம் என்று பொருள்படும். குடியேற்றச் சட்டத்தில் அப்படி இல்லை. அது ஒரு பட்டியல். யுனிவர்சல் கிரெடிட் என்ற வருமான உதவி, வீட்டு வாடகை உதவி, உள்ளாட்சி மன்றம் ஒதுக்கும் வீடு, குழந்தைக்கான உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. என்.எச்.எஸ். எனப்படும் தேசிய மருத்துவச் சேவை அந்தப் பட்டியலில் இல்லை. அரசுப் பள்ளிப் படிப்பும் இல்லை. குடும்ப மருத்துவர், ஆஸ்பத்திரி, மனநலச் சிகிச்சை எதுவும் பொது நிதி ஆகாது.

இன்னொன்றும் அவளுக்குத் தோன்றவேயில்லை. விசா விண்ணப்பத்தோடு குடியேற்ற மருத்துவக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரி 6 முதல் அது வயதுவந்தவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 776 பவுண்டு. மூன்று வருட விசாவுக்கு அவள் பெயரில் மட்டும் 3,105 பவுண்டு முன்கூட்டியே போயிருக்கிறது. கணவர் சம்பளத்திலிருந்து வரியும் காப்பீட்டுத் தொகையும் மாதாமாதம் போகின்றன. இத்தனையும் கட்டிவிட்டு, வாசலில் நின்று தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் அவள் அம்மா ரத்த அழுத்தம் கூடி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்க நேர்ந்தது. பார்வையாளர் விசாவில் வருபவர் இந்தக் கட்டணத்தைக் கட்டுவதில்லை. அதனால் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு வழக்கமான செலவில் 150 விழுக்காடு வசூலிப்பார்கள். பில் வந்தது, பயணக் காப்பீடு பெரும்பகுதியைக் கட்டியது. கூடவே வந்த கடிதத்தில் 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் பிற்பாடு விசா விண்ணப்பத்தைப் பாதிக்கலாம் என்று இருந்தது. அது உண்மை. ஆனால் அம்மாவுக்கு உள்ள விதி அது, மகளுக்கு இல்லை. வீட்டில் எல்லோர் மனதிலும் பதிந்தது என்னவோ, "ஆஸ்பத்திரிக்குப் போனால் விசாவுக்குக் கெடுதல்" என்பது மட்டும்தான்.

மருத்துவப் பதிவு உள்துறைக்குப் போகும் என்ற பேச்சுக்கும் ஒரு வேர் உண்டு. 2017 இல் என்.எச்.எஸ். தரவு அமைப்புக்கும் உள்துறைக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. குடியேற்ற விதியை மீறியதாகத் தேடப்படுபவர்களின் முகவரி போன்ற விவரங்களைத் தருவதற்கானது அது. நோய் விவரம் அதில் இல்லை. மருத்துவர்களும் நாடாளுமன்றக் குழுவும் எதிர்த்ததால் 2018 மே மாதம் அதைப் பெரிதும் கட்டுப்படுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். குழந்தை பிறந்ததும் யாராவது சைல்ட் பெனிஃபிட் விண்ணப்பம் பற்றிச் சொல்லுவார்கள். நல்ல மனதோடுதான் சொல்லுவார்கள். அது பட்டியலில் இருக்கிறது, இவர்கள் வாங்கக் கூடாது. மருத்துவத்துக்குப் பயந்துவிட்டு, வாங்கக் கூடாத உதவிக்கு விண்ணப்பித்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். அப்புறம், குழந்தைக்குத் தனி விசா. இங்கே பிறந்துவிட்டதாலேயே குடியுரிமை வந்துவிடாது. கட்டணம் கட்டிய பெற்றோரின் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் மருத்துவம் இலவசம், அதற்குள் குழந்தை பெயரில் விண்ணப்பம் போட வேண்டும். இவர்கள் போட்டிருந்தார்கள்.

வரவேற்பு மேசை

புது ஊரில் அவள் எந்த ஜி.பி. மருத்துவமனையிலும் பதிந்திருக்கவில்லை. இந்த இடத்தை இங்கே சர்ஜரி என்பார்கள், ஊரிலிருந்து வருபவர்களுக்கு அறுவைச் சிகிச்சை என்று கேட்டுத் தூக்கிவாரிப்போடும். பக்கத்து சர்ஜரிக்குப் போனோம். வரவேற்பாளர் விசாவையும், அவள் பெயரில் மின்கட்டண ரசீதையும் கேட்டார். வாடகை ஒப்பந்தம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் கணவர் பெயரில். சார்ந்து வந்த மனைவிகள் பலருக்கு இதே கதைதான், அவர்கள் பெயரில் ஒரு காகிதமும் இருக்காது. ஏதாவது ஒன்று கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வங்கியிலிருந்து கடிதம் வரவழைக்க அலைந்ததில் இரண்டு வாரம் போனது.

அந்த இரண்டு வாரம் என் தவறும்கூட. இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ குடியேற்ற நிலையோ காட்டத் தேவையில்லை என்று என்.எச்.எஸ். வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது. அவை இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. எனக்கு அது அரைகுறையாகத் தெரியும், மேசை முன்னால் நின்று சொல்லும் துணிச்சல் வரவில்லை. இரண்டாம் முறை அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய்ப் பணிவாகக் காட்டினேன். மேலாளர் வந்து படித்துவிட்டு, பத்து நிமிடத்தில் பதிந்து கொடுத்தார். வங்கிக் கடிதம் பையிலேயே இருந்தது.

ஜி.பி., அப்புறம் பேச்சுச் சிகிச்சை

ஆகஸ்ட் 5 அன்று என் வீட்டு மேசையிலிருந்தே டாக்கிங் தெரபீஸ் சேவைக்கு அவளே விண்ணப்பித்தாள். இங்கிலாந்தில் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கான இலவசப் பேச்சுச் சிகிச்சை இது. ஜி.பி. கடிதம் தேவையில்லை, எந்த ஜி.பி.யிடமாவது பதிந்திருந்தால் போதும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு. விண்ணப்பத்தில் "ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா?" என்ற கட்டம் ஒன்று உண்டு. அதை விடாமல் நிரப்பச் சொன்னேன். குழந்தை பெற்ற தாய்மாருக்கு முன்னுரிமை உண்டு. பரிந்துரை வந்த இரண்டு வாரத்தில் மதிப்பீடு, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் சிகிச்சை என்று தேசிய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. பொதுவான இலக்கு, நான்கில் மூன்று பேருக்கு ஆறு வாரத்துக்குள்.

மூன்று நாள் கழித்து ஜி.பி. பார்த்தார். தாய்ப்பால் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை 50 மில்லிகிராம் எழுதினார். மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. கர்ப்பிணிக்கும், குழந்தை பிறந்து 12 மாதம் வரை தாய்க்கும் அது இலவசம், ஆனால் அதற்கான விலக்குச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஒருவரும் இவளிடம் சொல்லவில்லை. ஏழு மாதமாகக் காசு கொடுத்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கியிருக்கிறாள். அன்றைக்கே ஜி.பி. விண்ணப்பித்துக் கொடுத்தார்.

ஒரு சொல் ஆங்கிலத்தில் திரும்பி வந்தபோது

மதிப்பீட்டு அழைப்பு ஆகஸ்ட் 14. அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தியவள். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் கேள் என்று நான்தான் வற்புறுத்தினேன். வகுப்பு எடுக்கும் ஆங்கிலம் வேறு, நெஞ்சு அடைப்பதைச் சொல்லும் மொழி வேறு. மொழிபெயர்ப்பாளர் இலவசம். கணவரையோ என்னையோ வைத்துப் பேசுவதைச் சேவையே விரும்புவதில்லை, அது சரிதான்.

தொலைபேசியில் மூன்று பேர். மதிப்பீட்டாளர், அவள், இலங்கைத் தமிழ் பேசும் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர். ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு நான் சமையலறையில். இந்தச் சேவையில் கேள்வித்தாள் இரண்டு: மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி, பதற்றத்துக்கு ஏழு. பதற்றக் கேள்வியில் கவலை பற்றி வந்தது. மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "கனக்க யோசிக்கிறனீங்களோ?" யாழ்ப்பாணப் பேச்சில் யோசிப்பது என்றால் கவலைப்படுவது. யோசிக்காதேங்கோ என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். இவளோ தமிழ்நாட்டு அர்த்தத்தில், சிந்திப்பது என்று எடுத்துக்கொண்டு, "இல்லை, யோசிக்கவே முடியலை" என்றாள். கவலை இல்லை என்று ஆங்கிலத்தில் போனது.

அது சின்ன விஷயம். அடுத்தது சின்னது இல்லை. தினசரி வேலைகளில் ஈடுபாடு இருக்கிறதா என்ற கேள்விக்கு அவள், "எல்லாமே வெறுத்துப்போச்சு" என்றாள். தமிழில் இதைச் சொல்லாத மனிதர் உண்டா? அலுத்துவிட்டது, பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அது "அவர் எல்லாவற்றையும் வெறுக்கிறார்" என்று போனது. மதிப்பீட்டாளரின் குரல் மாறியது. "எல்லாவற்றையும் என்றால் குழந்தையையுமா?" இவளுக்கு ஆங்கிலம் தெரியுமே. தன் வாயிலிருந்து போன சொல் வேறாகத் திரும்பி வந்ததைக் கேட்டாள். அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சமையலறைக்கு வந்தாள், முகம் வெளுத்திருந்தது. "குழந்தையை எடுத்துட்டுப் போயிடுவாங்கக்கா." வெளிநாட்டில் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்பது நம் குடும்பங்களில் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரியது. உதவி கேட்டு வரும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதற்காக இந்தச் சேவை இல்லை, தாயையும் சேயையும் சேர்த்து வைத்துக் காப்பதற்காகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலும் நடுங்கியது.

மதிப்பீட்டாளரே திரும்ப அழைத்தார். அவருக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். அவசரப்படாமல், "நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், அந்தச் சொல்லை நீங்களே விளக்குங்கள்" என்றார். அவள் விளக்கினாள். மொழிபெயர்ப்பாளரும் ஆமாம், அப்படியும் பொருள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். கவலை பற்றிய கேள்வியையும் திரும்பக் கேட்டார்கள். அப்புறம் அவள் தானாகவே ஒன்று சொன்னாள். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணம் வருகிறதா என்பது. முதலில் பயந்து பூஜ்யம் போட்டிருந்தாள். உண்மையில் சில இரவுகளில், தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றியிருக்கிறது. அதைச் சொன்னாள். மனச்சோர்வில் 27க்கு 17, பதற்றத்தில் 21க்கு 14.

ஒன்றும் இடிந்து விழவில்லை. பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அங்கேயே எழுதினார்கள். மாத்திரை கணவரிடம் இருக்கும். அந்த எண்ணம் வரும் இரவில் முதலில் அவரை எழுப்ப வேண்டும். 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால் எந்நேரமும் மனநலக் குழு கிடைக்கும். உயிருக்கு ஆபத்தென்றால் 999. யாரிடமாவது பேசினால் போதும் என்றால் சமாரிட்டன்ஸ் 116 123, அதற்குக் கட்டணம் இல்லை. குழந்தைநலச் செவிலியரான ஹெல்த் விசிட்டர் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார், குழந்தையை எடை பார்த்தார், தாய்க்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், பக்கத்தில் தாய்-சேய்க் குழு நடக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு

முதல் அமர்வு செப்டம்பர் 3. சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, காணொளியில், மொத்தம் 10. முதல் இரண்டுக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அப்புறம் ஆங்கிலத்திலேயே பேசுகிறேன் என்று இவளே முடிவு செய்தாள். ஆனால் நாட்குறிப்பில் உணர்வுச் சொற்களை மட்டும் தமிழிலேயே எழுதச் சொன்னார் சிகிச்சையாளர். அப்படியே எழுதி, பக்கத்தில் அதன் அர்த்தத்தை விளக்குவாள். நவம்பர் கடைசியில் மனச்சோர்வு மதிப்பெண் 6. பத்துக்குக் கீழே வந்தால் அந்த அளவுகோலில் மீட்சி என்று கணக்கு.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் விசா நிறுவனத்தைச் சார்ந்தது. வேலை போனால் வேறு நிறுவனம் தேட வழக்கமாக 60 நாள்தான் தருவார்கள். அந்தப் பயத்திலேயே அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் இருந்தார். செப்டம்பரில் மேலாளரிடம் பேசி வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை வாங்கிக்கொண்டார். மருந்துக்கு இணையாக அதுவும் வேலை செய்தது என்று நான் நம்புகிறேன்.

எல்லோருக்கும் இதே வேகத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தை பெற்றவள் என்பதால் முன்னுரிமை கிடைத்தது. தனியாக வந்திருக்கும் மாணவர் அதே படிவத்தை நிரப்பினால் கூடுதலாகக் காத்திருக்க நேரும். நோய் இன்னும் கடுமையாக இருந்தால் இந்தச் சேவை போதாது, ஜி.பி. மூலம் மகப்பேறு மனநலக் குழுவுக்குப் போக வேண்டும். பராமரிப்புப் பணியாளர் விசாவில் வந்திருப்பவர்கள் அந்த மருத்துவக் கட்டணத்தைக் கட்டவே இல்லை, அவர்களுக்கு அதில் விலக்கு. அதனால் தங்களுக்கு உரிமை குறைவு என்று அவர்களில் சிலர் நினைக்கிறார்கள். குறைவு இல்லை, அதே சிகிச்சை, அதே வாசல்.

2026 ஜனவரியோடு மருந்துச் சீட்டு விலக்கு முடிந்தது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும் என்பதால் இப்போது காசு கொடுத்து வாங்குகிறாள்.

மதிப்பீட்டின் சுருக்கக் கடிதம் ஆகஸ்டிலேயே வந்திருந்தது. அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. டிசம்பரில் பிரித்தபோது, "எல்லாவற்றையும் வெறுப்பதாகக் கூறுகிறார்" என்ற வாக்கியம் அப்படியே இருந்தது. திருத்தக் கேட்க உரிமை உண்டு என்றேன். இந்த முறை நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவளே எழுதினாள். மூன்று வாரத்தில் புதுக் கடிதம் வந்தது. அந்த வாக்கியம் இருந்த இடத்தில் "எதிலும் பிடிப்பு இல்லாமல் போய்விட்டதாகக் கூறுகிறார், குழந்தையின் மேல் மிகுந்த அன்பு கொண்டவர்" என்று இருந்தது. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அன்றைக்கே அம்மாவுக்கும் அனுப்பி, ஜூனிலிருந்து நடந்த எல்லாவற்றையும் முதல் முறையாகச் சொன்னாளாம்.